ஒன்பதாம் கட்டிலுக்கு நாலு வாய்ப் பொங்கல்

1

“பனியைப் பற்றி எழுதுங்கள், ராணியின் அரண்மனையைப் பற்றி எழுதுங்கள், நம்மவர்கள் அங்கே என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுதுங்கள்” என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் மூன்று கடிதம் போட்டுவிட்டார். சரி. பனி முதல் நாள் வெள்ளை. இரண்டாம் நாள் ஆலைக் கரி படிந்து சாம்பல். மூன்றாம் நாள் அதில் வழுக்கி எலும்பு முறிந்தவர்கள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்கிறார்கள். அரண்மனை அரை நாள் ரயில் தூரம், பார்த்ததில்லை. சாப்பாடு உருளைக்கிழங்கு. ஆயிற்று.

இனி என் விஷயம். இங்கிலாந்தின் வடக்கே, கம்பளி ஆலைகள் நிறைந்த இந்த ஊரில், ஆண்கள் அறுவை வார்டுக்கு என்னை சார்ஜ் நர்ஸ் ஆக்கி ஆறு மாதம் ஆகிறது. அந்தப் பொறுப்பில் பெண் இருந்தால் சிஸ்டர், ஆண் இருந்தால் சார்ஜ் நர்ஸ். வேலை ஒன்றுதான். இருபத்தெட்டுக் கட்டில், ஆறு நர்ஸ்கள், ஒரு சாவிக்கொத்து. எனக்கு இருபத்தேழு வயது. சந்தோஷத்தில் அன்று மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன்.

அப்பாவுக்கு எழுதினேன். “அது கம்பவுண்டருக்கு மேலயா கீழயா?” என்று கேட்டுப் பதில் போட்டார். அப்பா, கேளுங்கள். விஷ மருந்து அலமாரியின் சாவி என் இடுப்பில். எந்த நர்ஸ் எந்த நேரம் வருவது, யாருக்கு உப்பில்லாச் சாப்பாடு, யாருக்குப் பட்டினி, எல்லாம் நான் எழுதுவதுதான். பெரிய டாக்டர் வார்டைச் சுற்றி வரும்போது பக்கத்திலேயே நடந்து, இருபத்தெட்டுப் பேரின் நாடி, காய்ச்சல், மலம், மூத்திரம், புண் அத்தனையும் காகிதம் பார்க்காமல் சொல்ல வேண்டும். தலையணை உறையின் திறந்த பக்கம் வாசலைப் பார்த்து இருக்கக்கூடாது. அதையும் நான்தான் பார்க்க வேண்டும். நர்ஸ் தப்புச் செய்தாலும், கூட்டுகிறவள் தப்புச் செய்தாலும், நோயாளியின் மச்சான் தப்புச் செய்தாலும், “இது யார் வார்டு?” என்று ஒரு கேள்வி வரும். அதற்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்வதுதான் உத்தியோகம். மற்றதெல்லாம் எடுபிடி.

இதை எனக்கு இந்த ஊரில் யாரும் சொல்லித் தரவில்லை. புதுக்கோட்டையிலேயே பார்த்துவிட்டேன். பார்த்ததைத்தான் எழுதப் போகிறேன். கீரனூர்ப் பக்கத்தில் ஒரு பெண் ஆறு வருஷமாக ஒரு கெட்ட பேரைச் சுமந்துகொண்டிருக்கிறாள். அந்தப் பேர் என்னுடையது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இவ்வளவும். பாதியில் மூடிவிடாதீர்கள்.

2

எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் தாலுகா ஆபீசில் உட்காருவான் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். நான் நர்ஸ் வேலைக்கு மனுப் போட்டேன். சித்தப்பா வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

“ஏன்டா, பத்து வருசம் இங்கிலீசு படிச்சுப்புட்டு பீச்சட்டி தூக்கப் போறியா? ஆம்பள நர்ஸாம்ல! சேலையும் குடுப்பாங்களாடா?”

“குடுத்தா சித்திக்கு அனுப்புறேன் சித்தப்பா” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் கிழவர்கள் மன்னர் காலத்துப் பேச்சை விடாத ஊர் அது. ஆஸ்பத்திரியின் பெயரை எழுத மாட்டேன். குற்றம் கட்டடத்தினுடையது இல்லை. ஆண்கள் வார்டின் இன்சார்ஜ் எஸ்தர் சிஸ்டர். பாளையங்கோட்டைப் பக்கம். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய பூட்ஸ் சத்தம் வராந்தாவின் அந்தக் கோடியில் கேட்டால் இந்தக் கோடியில் இருமல் நிற்கும்.

அவர் கொடுமைக்காரி. சுற்றி வளைக்க வேண்டியதில்லை. தெர்மாமீட்டரைக் கீழே போட்ட ஒரு நர்ஸை, சிதறிய பாதரசத்தைக் காகிதத்தால் ஒவ்வொரு துளியாகப் பொறுக்க வைத்தார். முப்பது நோயாளிகள் கட்டிலில் படுத்தபடி வேடிக்கை பார்த்தார்கள். நோயாளிகளுக்கு அவரிடம் பேர் கிடையாது, நம்பர்தான். ஒருநாள் துணிந்து கேட்டேன். “பேரு சொன்னா பாசம் வரும்ல. பாசம் வந்தா கை நடுங்கும். நடுங்குற கையோட ஊசி போடுவியா?” என்றார். எனக்கு அவர் மேல் பயம். பயத்தைவிடப் பிரமிப்பு அதிகம். அவர் நடக்கிற மாதிரி நடந்து பார்த்தேன். ரிப்போர்ட் புத்தகத்தில் அவர் போடுகிற கையெழுத்தை, யாரும் பார்க்காதபோது, என் பெயரை வைத்துப் போட்டுப் பார்த்தேன்.

அவருடைய பெரிய யுத்தம் சொந்தக்காரர்களோடு. நம் ஊரில் ஒருவன் ஆஸ்பத்திரியில் படுத்தால் குடும்பமே கட்டிலுக்கு அடியில் குடியேறும். ஒரு கட்டிலுக்கு ஒரு ஆள் என்று தகர பில்லை கொடுத்து வைத்திருந்தார். காலை எட்டு மணிக்கு பித்தளை மணியை அடித்தபடி வருவார். பில்லை இல்லாதவர்கள் தூக்குச் சட்டியோடு வேப்பமரத்தடிக்கு ஓட வேண்டும். “நோய்க்குத் தப்புனவன சொந்தக்காரன் கொல்றான்” என்பார்.

அந்தச் சமயத்தில்தான் இங்கிலாந்தில் நர்ஸ்கள் வேண்டும் என்ற விளம்பரம் வந்தது. வார்டு இன்சார்ஜிடமிருந்து நடத்தைச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். நானே டைப் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உழைப்பாளி, நேரம் தவறாதவன், உண்மையானவன் என்று மூன்று வார்த்தைகள். சிஸ்டர் படித்துப் பார்த்து மேசை டிராயருக்குள் போட்டார்.

“வியாழக்கிழம ஆபரேசன் முடியட்டும். மத்தியானம் கையெழுத்து. ஒன்பதுல ஏதும் கோளாறு வந்துச்சோ, இந்தத் தாளு அடுப்புக்குப் போகும். கேட்டியா?”

3

ஒன்பதாம் கட்டிலில் இருந்தவன் பெயர் சின்னையா. ஓய்வுபெற்ற ஆரம்பப்பள்ளி வாத்தியாரின் ஒரே மகன், என் வயதுக்காரன். கிணற்று வேலையில் கல் தூக்கிக் குடல் இறங்கிவிட்டது. சாகிற நோய் இல்லை. ஒரு மாதம் தள்ளிப் போட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு தடவை தள்ளிப் போயிருந்தது. முதல் தடவை, திருச்சியிலிருந்து வர வேண்டிய சர்ஜனின் கார் வழியில் நின்றுவிட்டது. இரண்டாம் தடவை, விடிகாலையில் சின்னையா ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டான். சிஸ்டர் அதைக் கண்டுபிடித்து ஆபரேஷனை நிறுத்தி, அவன் மனைவியை வார்டு நடுவில் நிற்க வைத்துக் கிழித்தார். அவள் பெயர் அழகம்மாள். இருபது வயது, கல்யாணமாகிப் பத்து மாதம். அவள் பேரை இங்கே அவள் சொல்லித்தான் எழுதுகிறேன்.

மூன்றாம் தடவை, அந்த வியாழக்கிழமை. ஏழு மணிக்கே சின்னையாவின் அம்மா கீரனூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். இரண்டு முறை தடங்கல் வந்தது கருப்பருக்குச் செய்யாமல் விட்டதால்தான் என்று, முந்தின நாள் கோயிலில் பொங்கல் வைத்திருக்கிறார். கையில் பனையோலைக் கொட்டான். நான் பத்தாம் கட்டிலுக்குத் துணித் திரை கட்டி உள்ளே நின்று, அடுத்த ஆபரேஷன்காரனுக்கு வயிற்றுச் சவரம் செய்துகொண்டிருந்தேன். திரைக்கும் ஒன்பதாம் கட்டிலுக்கும் இடையில் ஒரு முழம் இருக்காது. மாமியார் மருமகளிடம் பேசினார். நான்கு வாக்கியம். நான்கும் கேட்டேன். இன்றுவரை மறக்கவில்லை. அவற்றைக் கடைசியில் எழுதுகிறேன்.

எட்டு மணிக்கு மணிச்சத்தம். பில்லை அழகம்மாளிடம் இருந்ததால் மாமியார் மரத்தடிக்குப் போய்விட்டார். நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வெல்ல வாசனை. சின்னையாவின் மீசையில் ஒரு பருக்கை.

“என்னம்மா இது?”

“கருப்பர் பொங்கலுங்க.”

“குடுத்தியா?”

“சாப்பாடெல்லாம் குடுக்கலைங்க. காப்பித் தண்ணிகூடக் காட்டல. சாமி பொங்கல் ரெண்டு வாய்தான்…”

அவள் ஏமாற்றவில்லை. எங்கள் பக்கத்தில் சாமிக்குப் படைத்தது சாப்பாட்டில் சேராது. விரதம் இருப்பவர்கள்கூட அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு விரதத்தைத் தொடர்வார்கள். சிஸ்டர் ஆயிரம் தடவை “சாப்பாடு கூடாது” என்று சொன்னார். “சாமி பொங்கலும் கூடாது” என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. அவருக்கு அது தோன்றியிருக்காது. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் அந்த மண்ணில் பிறந்தவன்.

சின்னையா சிரித்தான். “பொய் சொல்றா பாருங்கண்ணே. நாலு வாய். விட்டா கொட்டானையே காலி பண்ணிருப்பேன். கத்திக்கு முன்னால தனியாப் போறதுக்கு கருப்பரு உள்ளுக்குள்ள தொணைக்கு இருக்கட்டுமேண்ணே.”

நான் படித்தவன். ஈதர் கொடுக்கும்போது வயிற்றில் உணவு இருந்தால் என்ன ஆகும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன். வாந்தி மேலே வரும், மயக்கத்தில் இருப்பவனுக்கு இருமத் தெரியாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். எல்லாம் தெரியும். செய்ய வேண்டியதும் தெரியும். வராந்தா வரை நடந்து, “சிஸ்டர், ஒன்பது சாப்பிட்டிருக்கான்” என்று சொல்ல வேண்டும். முப்பது அடி.

அப்போது பூட்ஸ் சத்தம் கேட்டது. டிராயருக்குள் இருக்கும் தாள் கண்முன் வந்தது. மூன்றாவது முறையும் நின்றுபோனால், காவல் நின்ற நான் தொலைந்தேன். நாலு வாய்தானே என்று நினைத்தேன். சிறுபிள்ளைத்தனமாக அல்ல, நன்றாக யோசித்துத்தான் நினைத்தேன். கையிலிருந்த பஞ்சால் அவன் மீசையைத் துடைத்தேன். கொட்டானைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

சிஸ்டர் வந்து நின்றார்.

“ஒன்பது?”

“தயார் சிஸ்டர்.”

“வயிறு?”

“காலி சிஸ்டர்.”

அவர் என்னை நம்பி விட்டுவிடுகிற ஆள் இல்லை. அழகம்மாள் பக்கம் திரும்பினார். “ஏளா, ஏதும் குடுத்தியா?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை மெல்ல, இல்லை என்று சொல்கிற மாதிரி, ஆட்டினேன்.

“இல்லைங்க” என்றாள்.

சிஸ்டர் சீட்டில் கையெழுத்துப் போட்டார். தள்ளுவண்டியை நானேதான் தள்ளிக்கொண்டு போனேன். ஆபரேஷன் பார்க்க எனக்கு ஆசை.

பார்த்தேன். முகமூடித் துணியில் ஈதர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. எண்ணச் சொன்னபடி சின்னையா எண்ணினான், பதினேழில் நின்றான். கொஞ்ச நேரத்தில் தொண்டை ஏறி இறங்கியது. பிறகு துணிக்கு அடியிலிருந்து பழுப்பாகப் பொங்கல் வந்தது. அவனைப் புரட்டினார்கள். தலையைத் தொங்கவிட்டார்கள். வாய்க்குள் விரலை விட்டு அள்ளினார்கள். முகம் நாவற்பழ நிறத்துக்குப் போனது. சோற்றுப் பருக்கைகள் தரையில் கிடந்தன. சர்ஜனின் செருப்பு அதில் வழுக்கியது. கத்தி அவன் உடம்பைத் தொடவே இல்லை.

“இது யார் வார்டு?” என்று சர்ஜன் கத்தினார்.

“என் வார்டு டாக்டர்” என்றார் எஸ்தர் சிஸ்டர். மூச்சு விடுகிற நேரம்கூட யோசிக்கவில்லை.

4

சொந்தக்காரர்களிடம் சொல்வதும் இன்சார்ஜின் வேலைதான். சிஸ்டர் வராந்தாவுக்கு வந்தார். வாத்தியார் குடையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

“ஒன்பது போயிட்டான்” என்றார் சிஸ்டர்.

அவர்களுக்குப் புரியவில்லை. எங்கே போய்விட்டான் என்று சின்னையாவின் அம்மா எட்டிப் பார்த்தார்.

“செத்துட்டான்மா. வயித்துல சோறு இருந்திருக்கு. அது மேல வந்து மூச்ச அடைச்சிருச்சு. யாரு குடுத்தது?”

கூட்டுகிற பெண் அதற்குள் கட்டிலுக்கு அடியில் கிடந்த கொட்டானை எடுத்து வந்துவிட்டாள்.

“அத்தைதான் ஊட்டச் சொன்னாக” என்றாள் அழகம்மாள்.

“நானா?” சின்னையாவின் அம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். “நெத்தியில திருநீறு பூசி விடுடின்னுல்ல சொன்னேன்! பொங்கலத் தொடச் சொன்னேனா? அடிப் பாவி, எம்புள்ளைக்கு ஊட்டிக் கொன்னுப்புட்டு எந்தலையில போடுறியாடி!”

அழகம்மாள் என் பக்கம் திரும்பினாள். “அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே. அந்தத் துணிக்குப் பின்னாலதான நின்னீக.”

சிஸ்டரும் திரும்பினார். “கேட்டியால?”

“இல்ல சிஸ்டர். பத்துக்குச் சவரம் பண்ணிட்டிருந்தேன். ஒண்ணும் காதுல விழல.”

வாத்தியார் சத்தம் போடவில்லை. மருமகளிடம், பாடம் கேட்கிற குரலில், ஒன்றுதான் கேட்டார். “சிஸ்டரம்மா கேட்டப்ப குடுத்தியா?”

“என்கிட்ட இல்லன்னு சொன்னா” என்றார் சிஸ்டர்.

“குடுக்கறதையும் குடுத்து, இல்லன்னும் சொல்லிருக்க” என்றார் வாத்தியார். தீர்ப்பு முடிந்துவிட்டது.

நான் தலையாட்டியதை அழகம்மாள் சொல்லவே இல்லை. சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்திருக்கும். தாலியைக் கழற்றச் சடங்கு நாள்வரை காத்திருக்கவில்லை. வெளிநோயாளிகள் வரிசையில் நின்று பார்க்க, வராந்தாவிலேயே மாமியார் கையால் அறுக்கப்பட்டது.

மத்தியானம் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். இன்சார்ஜ் சாவியை வேறொருவரிடம் கொடுக்கும்படி உத்தரவு வந்திருந்தது. அவரை ஊசி போடுகிற அறைக்கு மாற்றியிருந்தார்கள். இருபது வருஷம் வைத்திருந்த சாவிக்கொத்து மேசைமேல் கிடந்தது. டிராயரைத் திறந்து என் தாளை எடுத்தார். கையெழுத்துப் போட்டார். முத்திரையை ஊதிக் குத்தினார்.

“இதுல மூணு வார்த்த இருக்கு. ஒண்ணு பொய். எதுன்னு ஒனக்குத் தெரியும்.”

“சிஸ்டர்…”

“பேசாத. அவன் மீசையில வெல்லப் பிசுக்கு இருந்துச்சு. நானும் பாத்தேன். நேத்து ராத்திரி தின்னது ஒட்டிருக்கும்னு நெனச்சு, நீ காலின்னு சொன்னதக் கேட்டுக் கையெழுத்துப் போட்டேன். அதனால எம் பேருக்கு வந்தது சரிதான். ஒன்னத் தண்டிச்சா நீ ரெண்டு நாள் அழுதுட்டுச் சரியாயிருவ. இந்தத் தாள எடுத்துட்டுப் போ. எங்க போனாலும் இதக் காட்டித்தான நிக்கணும்.”

வாங்கிக்கொண்டேன். கை நடுங்கவில்லை.

5

அவர் சொன்னபடியே நடந்தது. பாஸ்போர்ட்டுக்காக மதராஸில் வரிசையில் நின்றேன். குமாஸ்தா தாளைப் பார்த்து, “உண்மையானவன், ம்ம்” என்று முத்திரை குத்தினார். நோட்டரி பிரதியோடு ஒப்பிட்டுச் சத்தமாக வாசித்தார். இங்கே வந்ததும் நர்ஸ் பதிவு ஆபீசில் ஒரு முறை. போலீஸ் ஸ்டேஷனில் ஒரு முறை. வீடு வாடகைக்குக் கொடுத்த கிழவி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரு முறை. அந்த வார்த்தையை வெவ்வேறு உச்சரிப்பில் எட்டுப் பேர் வாசிக்கக் கேட்டிருக்கிறேன்.

மற்றபடி சமாளித்துவிட்டேன். முதல் மாதம் ஒரு கிழவர், டீக்காகச் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று இவர்கள் வழக்கப்படி முனகியதை நிஜமென்று எண்ணி, நாடி பார்க்க ஓடினேன்; வார்டே சிரித்தது. ஆறுமாதத்தில் நானே அப்படிப் பேச ஆரம்பித்தேன். வேலையில் எனக்கு இணை கிடையாது. எஸ்தர் சிஸ்டரின் நடை, எஸ்தர் சிஸ்டரின் பார்வை. நோயாளிகளை நம்பர் சொல்லிக் கூப்பிட்டேன். பொறுப்பில் இருப்பவன் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவர் “என் வார்டு டாக்டர்” என்று சொன்னதை மட்டும் விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தேன்.

சார்ஜ் நர்ஸாகி மூன்றாவது வாரம். அயர்லாந்திலிருந்து வந்த நர்ஸ் பெண் ஒருத்தி, பதினெட்டு வயது, ஓடிவந்தாள். அன்று ஆபரேஷனுக்கு இருந்த ஆலைத் தொழிலாளி ஒருவருக்கு மறதியாக டீயும் ரொட்டியும் கொடுத்துவிட்டாளாம். யாரும் பார்க்கவில்லை. அவளாகவே வந்து சொன்னாள்.

நான் சர்ஜனுக்கு போன் செய்தேன். “யார் வார்டு?” என்றார். “என் வார்டு” என்றேன். “சரி, நாளைக்கு வைத்துக்கொள்வோம், அடுத்த ஆளை அனுப்பு” என்று போனை வைத்துவிட்டார். அவ்வளவுதான். போனை எடுத்து வைக்கிற நேரம்கூட ஆகவில்லை. ஆலைத் தொழிலாளி மறுநாள் ஆபரேஷன் செய்துகொண்டு, பத்தாம் நாள் பைப் பிடித்தபடி வீட்டுக்கு நடந்து போனார்.

அதற்குப் பிறகு நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பெண்ணை வார்டு நடுவில் நிறுத்தினேன். நீ ஒரு கொலைகாரி ஆகியிருப்பாய், உன்னைப் போன்றவர்கள் மாடு மேய்க்கத்தான் லாயக்கு, கப்பலேறிப் போய்விடு என்றேன். இருபத்தெட்டுக் கட்டிலும் கேட்டுக்கொண்டிருந்தன. அவள் கண்ணைத் துடைக்காமல் என்னைப் பார்த்தாள். “நான்தான் உங்களிடம் சொன்னேனே” என்றாள்.

மறுவாரம் நிஜமாகவே வேலையை விட்டுப் போய்விட்டாள். நல்ல நர்ஸ் ஆகியிருப்பாள். என்னைவிட.

6

அன்றைக்கே என் தங்கை ராஜாமணிக்கு எழுதினேன். முழுவதும் எழுதினேன். அழகம்மாள் எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள், போய்ப் பார்த்துச் சொல் என்று கேட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ராஜாமணி எழுதியது அப்படியே:

“அண்ணே, ஒனக்கு இங்க பொண்ணு பேசிட்டிருக்காக. இந்தச் சமயத்துல இதெல்லாம் வேண்டாம்னு அப்பா சொல்றாக. நான் அவுகளுக்குத் தெரியாமத்தான் போனேன். அழகம்மா அக்கா அவுக அண்ணன் வீட்டுல இருக்காக. களை எடுக்கப் போறாக. ஆனா கொண்டு போற கஞ்சியத் தனியா உக்காந்து குடிக்கிறாக. அவுக கையால ஒருத்தரும் ஒரு வாய் வாங்க மாட்டேங்கிறாகண்ணே. கல்யாண வீட்டுல காய் நறுக்க விடல. அண்ணன் புள்ளைக்கு ஒரு முறுக்கு குடுத்துருக்காக, அதோட ஆத்தா வந்து தட்டி விட்ருச்சு, எங்கண்ணு முன்னால. நீ எழுதுனத வாசிச்சுக் காட்டுனேன். அழுவல. ‘இத எதுக்கு எங்கிட்ட வாசிக்கிற, நாங் கொல்லலைங்குறது எனக்குத் தெரியாதா’ன்னாக. அப்பறம் சொன்னாக: ‘ஒங்க அண்ணன அச்சுல போடச் சொல்லு. எம் பேரப் போட்டு எழுதச் சொல்லு. எங்க மாமா வாரா வாரம் ஒரு புத்தகம் வாங்குவாரு. வெள்ளிக்கிழம சாயங்காலம் கண்ணாடி போட்டுக்கிட்டு முதல்லருந்து கடைசிவரைக்கும் அத்தைக்கு வாசிச்சுக் காட்டுவாரு. நடுவுல நிறுத்தவே மாட்டாரு. அதுல போடச் சொல்லு’ன்னாக.”

அந்தப் புத்தகம் இதுதான். ஆசிரியர் என்னிடம் பனியைப் பற்றிக் கேட்டபோது, நான் ஒப்புக்கொண்டதன் காரணமும் இதுதான்.

எஸ்தர் சிஸ்டருக்கும் எழுதினேன். ஓய்வுபெற்றுப் போய்விட்டார், விலாசம் தெரியாது என்று கடிதம் திரும்பி வந்தது. பெண் பேசின இடத்திலும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

வாத்தியாரையா, இந்நேரம் குரல் கம்மியிருக்கும். நிறுத்தாதீர்கள். அம்மா பக்கத்தில்தான் இருப்பார். அவருக்கும் கேட்கட்டும். உங்கள் மகன் செத்தது பொங்கலால் இல்லை. அவன் சாப்பிட்டான் என்று தெரிந்தும் தள்ளுவண்டியைத் தள்ளிய என்னால். உங்கள் மருமகள் “இல்லைங்க” என்று சொன்னது, நான் தலையாட்டியதால். அந்த நாலு வாய் உயிரை எடுக்கும் என்று ஊட்டியவளுக்கும் தெரியாது, ஊட்டச் சொன்னவருக்கும் தெரியாது. தெரிந்தவன் ஒருவன்தான், அவன் சான்றிதழோடு கப்பலேறிவிட்டான். போலீசுக்கு எழுதுவதானாலும் எழுதுங்கள். என் விலாசம் ஆசிரியரிடம் இருக்கிறது.

ஆனால் வராந்தாவில் அன்று ஒரு கேள்வி கேட்கப்பட்டது. திரைக்குப் பின்னால் நின்றவன் பதில் சொல்லவில்லை. ஆறு வருஷம் கழித்துச் சொல்கிறேன்: கேட்டேன். அம்மா, நீங்கள் சொன்னது இது. ஐயா, சத்தமாக வாசியுங்கள்.

“தாயி, நாலு வாய் ஊட்டி விடு. கருப்பர் சோறு சோறு கெடையாது. யாராச்சும் கேட்டா அத்தைதான் சொன்னாகன்னு சொல்லு. எது வந்தாலும் நான் பாத்துக்கிறேன்.”